கதவுக்கு அடியில் தள்ளிய காகிதங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை நான் ஒரு ஃபைலைத் திருடப் போனேன்.

ஆமாம்... வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நல்லது கெட்டது சொல்கிற அதே ஆள்தான். போன இடம், என் மகள் படிக்கிற பாடசாலை.

அங்கே பிள்ளைகளின் மனக்குறை கேட்கிற ஆலோசனை ஆசிரியராக இருந்த லோகநாதன் மாஸ்டர் இறந்து மூன்று வாரமாகிறது. புசல்லாவையிலிருந்து தினமும் கண்டிக்கு வந்து போகிறவர். வருகிற வழியில், கம்பளைக்குச் சற்று முன்னால், பஸ்ஸிலேயே நெஞ்சுவலி. நாற்பத்தாறு வயது. பாடசாலை வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். பேனரை இறக்கிய கையோடு அவருடைய அறையையும் காலி செய்கிறார்கள், பேண்ட் வாத்தியம் வைக்க இடம் வேண்டுமாம் — சாப்பிடும்போது மகள் சொன்னாள்.

"சேரோட பேப்பரெல்லாம் மூட்டை கட்டிட்டாங்கப்பா."

அந்த மூட்டையில் அவளும் இருக்கிறாளே?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போன வருடம் அவள் பத்தாம் ஆண்டில் இருந்தாள். வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. நாங்கள் போனைக் குற்றம் சொன்னோம், பிடுங்கியும் வைத்தோம். பெற்றோராக எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

ஒருநாள் லோகநாதன் மாஸ்டர் என்னை வரச்சொன்னார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை அல்ல.

ஒரு தகப்பன் அந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும்? நான் கேட்டது இது:

"வேற யாருக்கு சேர் தெரியும்?"

அவர் முகம் மாறவில்லை. "நம்ம மூணு பேருக்குத்தாங்க. அம்மாகிட்ட மகளே சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க முந்திக்காதீங்க" என்றார்.

தயவுசெய்து எங்கேயும் எழுதிவைக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். தான் எழுதுவதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று சிரித்தார். ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தவர் அவர். முதல் நாள் எங்களோடு வந்து வரிசையில் நின்றவரும் அவர். ஏழு மாதம், வாரத்துக்கு ஒரு தடவை, மகளோடு உட்கார்ந்து பேசினார்.

அவள் இன்றைக்கு இருக்கிறாள். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பாடசாலைக் கதை சொல்கிறாள்.

இத்தனைக்குப் பிறகும், மகளோடு மரண வீட்டுக்குப் போனபோது எனக்குத் துக்கத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. கோப்பிக் காலத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் அவர் கட்டிய இரண்டு அறை வீடு. மனைவி தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் என்ன ரகசியம்? அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், என் மகளைக் கண்டதும் ஒரு மாதிரிப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

"நீங்க எங்கேருந்து வர்றீங்க?" என்றுதான் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. மகளின் பெயரைச் சொன்னேன். அதுவும் தெரியவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. மரண வீட்டில் நிம்மதிப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

பெற்றோர் நாங்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம் — மணியடித்ததும் ஓடுகிற மாஸ்டர். இரண்டேகால் பஸ்ஸை அவர் தவறவிட மாட்டார். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மரண வீட்டில்தான் தெரிந்தது, அந்த பஸ்ஸில் அவர் வீடு போய்ச் சேர்ந்தால்தான் மனைவி பின்னேர வகுப்பு எடுக்கப் போகலாம். பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டுவது, ராச்சோறு ஆக்குவது, விடிந்ததும் சின்னவளுக்குத் தலை பின்னிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா பின்னிக்கொண்டிருந்தார். "அப்பா இவ்ளோ இறுக்கிப் பின்ன மாட்டாங்க" என்றது பிள்ளை. அழவில்லை. குறை சொல்கிற மாதிரித்தான் சொன்னது.

சரி, திருட்டுக்கு வருகிறேன்.

திருடத் தேவையே இருக்கவில்லை. ஃபைல் ஒன்று வேண்டும் என்று இழுத்தேன். உப அதிபர் மிஸ் கேள்வியே கேட்கவில்லை. "கொண்டு போங்க சேர், இத யாரு தேடப்போறா" என்று தூசு தட்டிக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு வேண்டுகோள். நினைவு மலருக்கு நான் நான்கு வரி எழுதித் தர வேண்டுமாம், வாசித்தால் கண்ணீர் வருகிற மாதிரி.

வாவிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தேன். மகளின் பெயரைத் தேடினேன். இல்லை. யாருடைய பெயருமே இல்லை. யாரும் அவரிடம் சொன்ன ஒரு வார்த்தைகூட இல்லை. இருந்ததெல்லாம் தேதி, பாடவேளை, பக்கத்தில் ஒரே சொல் — ரிலீஃப். வராத ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் ரிலீஃப். எட்டாம் வகுப்பு, ரிலீஃப். ஒன்பதாம் வகுப்பு, ரிலீஃப். பக்கம் பக்கமாக.

ஒவ்வொரு தேதிக்கும் கீழே கிழிந்த கொப்பித்தாள் துண்டுகள் ஒட்டியிருந்தன. அறை பூட்டியிருக்கும்போது பிள்ளைகள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனவை. 'சேர் வந்தேன், நீங்க இல்ல.' 'இன்டர்வலுக்கு வரட்டா?' 'பரவாயில்ல சேர்.'

இந்த ரிலீஃப் எப்படி வந்தது தெரியுமா?

நான் கொண்டுவந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில். ஆசிரியர் வராத வகுப்பெல்லாம் சந்தைக்கடை, பாடவேளையே இல்லாத ஒருவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார், அவரை அனுப்பினால் என்ன என்று கேட்டேன். பலத்த கைதட்டல். தீர்மானமாகவே எழுதிக்கொண்டார்கள். பெருமை தாங்காமல் இந்தப் பத்தியிலும் எழுதினேன். உங்களில் சிலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள்.

பின்வரிசையிலிருந்து லோகநாதன் மாஸ்டர் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

நடுவில் ஒரு பக்கத்தில் எனக்குத் தெரிந்த கையெழுத்து இருந்தது. புள்ளிக்குப் பதிலாகச் சின்ன வட்டம் போடுகிற எழுத்து. 'சேர், மூணாவது நாளா வர்றேன். நாளைக்கும் பூட்டியிருந்தா இனி வர மாட்டேன்.'

என் மகளின் எழுத்து.

கீழே அவருடைய சிவப்பு மை: 'பத்தில் ரிலீஃப். எல்லோரையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். துண்டில் இருந்த அதே எழுத்து கிடைத்தது. இன்று பஸ் வேண்டாம்.'

நான் பிடுங்கிக்கொடுத்த அவருடைய நேரத்துக்குள்ளேயே அவர் என் பிள்ளையைத் தேடிப் பிடித்திருக்கிறார். அன்றைக்கு அவருடைய வீட்டில் யார் பிள்ளைகளைக் குளிப்பாட்டியது, யார் சோறு ஆக்கியது, எனக்குத் தெரியாது.

பாடசாலைக்குத் திரும்பிப் போனேன். அந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்க வேண்டும் என்று உப அதிபரிடம் சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"ஏன் சேர்? நல்லாத்தானே ஓடுது. இப்ப டான்ஸ் மிஸ்ஸத்தான் ஆலோசனைக்குப் போட்டிருக்கோம். ரிலீஃபுக்கு அனுப்பவும் அவங்க லேசு."

பின்னேரம் மகளிடம் ஃபைலை நீட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேனோ என்னவோ.

"முழுசா வாசிச்சீங்களாப்பா?"

ஆமாம் என்றேன்.

"மத்தவங்க எழுதினதையுமா?"

என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தன்னுடைய துண்டில் நிற்கவில்லை. அதற்கு நான்கைந்து பக்கம் தள்ளி நின்றாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

'சேர், என்னப் படிப்ப நிப்பாட்டி கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் போறாங்க. நீங்க வந்து கதைச்சா அப்பா கேப்பாங்க. நாளைக்கு பஸ் ஏத்துறாங்க.'

கீழே சிவப்பு மை: 'எல்லா வகுப்பிலும் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எழுத்து கிடைக்கவில்லை.'

"எப்படிக் கெடைக்கும்" என்றாள் மகள். "இது எங்க வகுப்புப் பிள்ளதான்ப்பா. ஜன்னல் பக்கத்து கதிரை. அடுத்த நாளே அவ வரல. நாங்க சுகமில்லன்னு நெனச்சோம்."

அந்தத் துண்டுக்கு மேலே, அவள் பூட்டிய கதவுக்கு வந்துபோன அன்றைய பாடவேளைகள் இருந்தன. முதலாவதிலிருந்து ஐந்தாவதுவரை, எட்டாம் வகுப்பு, ரிலீஃப்.

எட்டாம் வகுப்பில் அன்றைக்குச் சத்தமே இருந்திருக்காது.