மாப்பிள்ளையும் தோசைத் திருப்பியும்

தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைத் தோசைத் திருப்பியால் சுரண்டியிருக்கிறீர்களா? போன வாரம் மாரெட்பள்ளியில், எங்கள் வீட்டில் அது நடந்தது.

மாப்பிள்ளை சாய்கிரண், மல்காஜ்கிரி தெலுங்குப் பையன். தங்கமான பிள்ளை. ஒரே குறை – கல்யாணமாகியும் என்னை 'மேடம்' என்றே கூப்பிடுவார். எனக்கு பாங்க் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். தெலுங்கில் அத்தம்மா என்று அழகாக ஒரு வார்த்தை இருக்கிறதே... இந்தத் தீபாவளியிலாவது அது அவர் வாயில் வராதா என்று எனக்கு ஏக்கம்.

அவர்கள் வீட்டில் உச்சந்தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் போதுமாம். நாங்கள் விடுவோமா? விடியற்காலையில் மனையில் உட்காரவைத்து, காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்தாயிற்று. ஆசாமி பளபளவென்று ஆகிவிட்டார். என் மகள் ரேவதி பாத்ரூம் குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

மாப்பிள்ளை வருகிறாரே என்று என் கணவர் முதல் நாள் மாடித் தொட்டியைக் கழுவியிருந்தார். கழுவியவர், அடியில் இருக்கும் வடிகுழாயைச் சரியாக மூடவில்லை. ஏற்றிய தண்ணீரெல்லாம் வடிந்து, கீழே சம்ப்பும் காலி. டேங்கருக்குப் போன் செய்தால் ஒன்பது மணிக்குத்தான் வருமாம். ரேவதி கண்ணில் தண்ணீர் – வீட்டில் அப்போதைக்கு இருந்த தண்ணீர் அதுதான்.

பதற்றம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காலத்துக் கிரேக்க மல்யுத்த வீரர்கள் சோப்பே போட்டதில்லை, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, வளைந்த உலோகத் தகட்டால் அழுக்கோடு வழித்தெடுத்துவிடுவார்கள், வழித்ததை மருந்தென்று விற்கவும் செய்தார்கள் என்று அவிழ்த்துவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? ரோமானியர் காலத்தில் சிலர் சிறுநீரில் பல் விளக்கிய கதையையும் சொன்னேன்.

"அம்மா, நக்கோ... வேண்டாம், ப்ளீஸ்" என்றாள் ரேவதி.

மாப்பிள்ளை எழுந்து சமையலறைக்குள் போனார். கோபித்துக்கொண்டாரோ? திரும்பி வந்தவர் கையில் என் ஸ்டீல் தோசைத் திருப்பி! முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பு. அப்புறம் முதுகை என் கணவரிடம் காட்டினார். மாமனார் வழிக்க, மருமகன் கூச்சத்தில் நெளிய, ரேவதி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கிரேக்கர்களை நினைத்து நாம் முகம் சுளிக்கிறோம். எண்ணெயைத் தேய்ப்பானேன், அப்புறம் அதை எடுக்கச் சீயக்காயைத் தேய்ப்பானேன் என்று அவர்கள் நம்மைக் கேட்டால்? அவரவர் சுத்தம் அவரவருக்கு. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சரி.

டேங்கர் வந்தது. மாப்பிள்ளை குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சுடச்சுட ஒரு நெய் தோசையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். தோசையைப் பார்த்தார். என் கையில் இருந்த திருப்பியைப் பார்த்தார்.

"அத்தம்மா... இட்லி இருக்கா?"