ஆணி பிடுங்க நல்ல நேரம் எதற்கு?

என் அம்மா எங்கள் வீட்டுச் சுவரைத் திருடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குப் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். கொல்லைப்பக்கமாக ஓடிவந்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கவனிக்காமல், கிழக்குச் சுவரில் முகத்தை ஒட்டவைத்து, பலகையில் விரலால் எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தாள். பிறகு சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து ஓர் ஆணியை நெம்பினாள். அது கீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தது. அப்பாவின் சுத்தியலை எங்கள் வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. அப்பாவும் அதை அதிகம் தொட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அதையும் சொல்லிவிடுகிறேன். மலாக்காவில், காஜா பேராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. விறகுப் புகையில் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, உப்பா சீனியா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் போட வேண்டியிருக்கிறது, ஒரு ஜன்னல் வைத்துக்கொடுங்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். சோற்றில் கல் கடிபடும்போதெல்லாம் அப்பா முறைப்பார். "இருட்டுல என்னாங்க தெரியுது?" என்பாள் அம்மா. "வச்சிருவோம்" என்பார் அப்பா. அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அப்பா சோம்பேறி இல்லை. டவுனில் எந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் நாள் பார்க்க வேண்டும். சுவரைத் திறப்பது என்ன சின்ன காரியமா? ஆடியில் ஆகாது, மார்கழியில் கூடாது. நல்ல நாள் வந்தால் ராகுகாலம் குறுக்கே வந்து நிற்கும். ராகுகாலம் போய்விட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வந்துவிடும். போதாக்குறைக்கு அது ஊரே எல்லாவற்றையும் மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திர நாளுக்கு, தள்ளிப்போட்டிருந்த காலம். கல்யாணம் பேசுவதா, மெர்டேக்கா வரட்டும். சொத்தைப் பல் பிடுங்குவதா, மெர்டேக்கா வரட்டும். மெர்டேக்காவும் வந்தது. கொடி ஏறியது, நாங்கள் மிட்டாய் தின்றோம். அன்றைக்கே அம்மா கேட்டுவிட்டாள். "இப்பத்தானே வந்திருக்கு, அதுக்குள்ள என்னா அவசரம்?" என்றார் அப்பா.

அதற்கு மேல் அம்மா வாயைத் திறக்கவில்லை. அவள் அடங்கிவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார், நானும் அப்படித்தான் நினைத்தேன். கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்ட அந்த மத்தியானம் அவள் கொஞ்சமும் பதறாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சுவரத் திறக்கத்தான் பாப்பா நல்ல நேரம் வேணும். ஒரு ஆணி பிடுங்க எதுக்கு?" என்றாள். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று பஞ்சாங்கம் பார்ப்பவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. சோறு கொதிக்கும் நேரத்தில் ஓர் ஆணி. அதற்கு மேல் அவள் ஒரு நாளும் ஆசைப்படவில்லை. பிடுங்கிய ஆணியைப் பால் டின்னில் போட்டு, சுவரின் மேல் ஒரு பழைய பாயைத் தொங்கவிட்டு, சுத்தியலை அதன் பெட்டியில் வைத்துவிடுவாள். சாயந்தரம் அப்பா வரும்போது உலகம் அப்படியே இருக்கும்.

இதில் அடுத்த வீட்டு அம்மாளும் கூட்டு. எங்கள் வீடு அவருக்குத்தான் சொந்தம். செட்டிக் குடும்பம், சாமி எல்லாம் நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். நாங்கள் அவரை மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். கிணற்றடியில் துணி துவைத்தபடியே அவர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சிகிட்-சிகிட் லா!" என்று குரல் கொடுப்பார். கொஞ்சம் கொஞ்சமாக எடு, பலகை பிளந்துவிடப்போகிறது என்று பொருள். வீட்டுக்காரியே தன் சுவரைப் பிடுங்க யோசனை சொல்கிறாரே என்று எனக்கு அது இன்னொரு அதிர்ச்சி. பயத்தில் நாலைந்து ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஆனால் அப்பாவிடம் மூச்சுவிடவில்லை.

கீழ் ஆணிகள், நடு ஆணிகள் எல்லாம் வந்துவிட்டன. அம்மாவுக்கு எட்டாத மேல் ஆணிகளில்தான் பலகைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சமயம் பார்த்துப் புது வருஷம் பிறந்தது. மளிகைக் கடையில் இரண்டு நாள்காட்டி கொடுத்தார்கள். ஒன்றை ஹாலில் மாட்டியாயிற்று. இன்னொன்றை அடுப்படியில் மாட்டினால் ஜன்னலுக்கு நாள் பார்க்க வசதியாக இருக்குமே என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. அவர் வாழ்க்கையிலேயே ஒரு வேலையைத் தோன்றிய உடனே செய்யக் கிளம்பியது அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சுத்தியலோடு அப்பா நேராகக் கிழக்குச் சுவருக்குப் போனதைப் பார்த்து நான் பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா, ராகுகாலம்!" என்று கத்தினேன்.

"அது சாயந்தரம்" என்றார், ஆணியை வைத்து ஓங்கி ஓர் அடி.

சுவர் போய்விட்டது. அவ்வளவுதான், வேறு எப்படிச் சொல்ல? பாயும் பலகையுமாகத் தடதடவென்று வெளியே சாய்ந்தது. "அலாமாக்!" என்று மக்சிக் துவைத்த சாரோங்கை வீசியெறிந்துவிட்டு ஓடினார். ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் நாள்காட்டியுமாக அப்பா மலைத்துப்போய் நின்றார். தன் ஒரே அடியில் வீடு இடிந்துவிட்டது என்றே அவர் நம்பியிருக்க வேண்டும். பலகை போன இடத்தில் நேராகச் சூரியன். அடுப்படியின் கரியும் ஒட்டடையும், மூலையில் இருந்த ஆணி டின்னும் பளிச்சென்று தெரிந்தன. அப்பா டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. சரி, இன்றைக்கு வீட்டில் கொலைதான் விழப்போகிறது என்று நான் கதவுக்குப் பின்னால் பதுங்கினேன்.

சத்தம் கேட்டு அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள். பயந்துபோய் வருவாள் என்று பார்த்தால், கல்யாண வீட்டுக்குள் நுழைகிறவள் போல் முகமெல்லாம் சிரிப்பு. திறந்த இடத்துக்கு எதிரே போய் நின்றாள். சூரியன் அவள் முகத்தில் நேராக விழுந்தது. எனக்கும் அப்பாவுக்கும் கண் கூசியது. அம்மா இமைக்கவே இல்லை.

"முழுசா விழுந்துருச்சாங்க?"

"ம்" என்றார் அப்பா. ஏனோ அவர் திட்டவில்லை.

அம்மா முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"அப்படின்னா பக்கத்துல இன்னும் ரெண்டு பலகை எடுக்கணும் போலிருக்குங்க. வெளிச்சம் பத்தல."

அப்பா நாள்காட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைத் தூக்கி அவள் கண்ணுக்கு நேரே மெதுவாக அசைத்தார். அம்மா கிணற்றடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் அப்பாவின் கையிலிருந்து நழுவியது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு பெரிய வேலையை அம்மா தனியாக முடித்திருக்கிறாள், மிச்சம் இரண்டு பலகைதான், அதற்குள் இவர் உட்கார்ந்துவிட்டாரே என்று. சுத்தியலை எடுத்து, "இந்தாங்கம்மா" என்று நீட்டினேன். அம்மாவின் கை அதற்குப் பக்கத்தில் காற்றைத் தடவியது. அவள் என்னோடு விளையாடுகிறாள் என்று நினைத்து, நான் சிரித்துக்கொண்டே அதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.