மடிப்புப் பிரிக்காத தத்துவம்

வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன். நாவலாசிரியராகவும் தத்துவ ஞானியாகவும் வாழ்ந்த அந்த வெளிநாட்டுக்காரரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை நம் படிப்பகத்தில் பேசப்போகும் நான், அவருடைய நாவலில் பதினாறு பக்கம்தான் படித்திருக்கிறேன்.

இன்று மதியம் திருவொற்றியூர் பஸ் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. கூட்ஸ் வண்டி நகர்வதாக இல்லை. ஜன்னலோரம் நான். பக்கத்தில், விசைப்படகு ஓட்டும் அந்தோணி.

"நைனா, நீ படிப்பகத்துக்குக் குடுத்த புக்க முடிச்சிட்டேன். மொத பக்கத்துல 'மூன்று முறை படித்தேன்'னு எழுதிக்கீற?"

"ஆமாம், ஆழமான நூல்."

"பதினாறாம் பக்கத்துக்கு அப்பால தாளுங்க எல்லாம் ஓரம் வெட்டாம, மடிப்பே பிரிக்காம ஒட்டிக்கினு இருந்துச்சு. மீன் வெட்ற கத்தியால நான்தான் கீறிப் படிச்சேன். நீ எப்டி மூணு தபா படிச்ச?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எழுந்து ஓடலாமென்றால் அவன் முழங்கால் குறுக்கே இருந்தது.

"சர்தான் வுடு. ஞாயித்துக்கெழம மானம் போவாம பேசணுமில்ல? கேட்டுக்கோ" என்று கதையையும் அதிலுள்ள தத்துவத்தையும் முழுதாகச் சொல்லி முடித்தான். ஒரு மணி நேரம்! இறங்க வழியின்றி உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிப்பகப் பலகையில் ஒட்டுகிறேன். திட்ட நினைப்பவர்கள் கீழே திட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தோணியை முன்வரிசையில் உட்காரவைக்காதீர்கள்.

அப்புறம், என் வீடு கேட்டுக்கு இந்தப் பக்கம்தான், பஸ் நின்ற இடத்துக்கு எதிரிலேயே; கதை முடியட்டும் என்றுதான் இறங்கவில்லை.