மயாமியில் எடுத்த ஒரு பிடி அரிசி

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குச் சபைப் பெண்கள் சங்கத்துச் சகோதரிகள் மன்னிக்க வேண்டும். சின்னவள் இருமி இருமி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். விழித்திருந்தால் பேனாவைத் தொட விடமாட்டாள்.

ஞானம்மாள் அக்கா போய்விட்ட செய்தியை வட்டவடையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வந்த ஜீப்காரர் எங்கள் வாசலில் நின்று சொன்னார். அம்மை குத்தப் போன இடத்தில் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டதாம். காய்ச்சலோடு மலை ஏற வேண்டாமென்று எத்தனை பேர் சொன்னோம். அதே காய்ச்சலோடு நம்மில் ஒருத்தி வாசலைத் தாண்டியிருந்தால் அக்கா விட்டிருப்பார்களா? எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அழுகை அப்புறம், சோறு வடிக்கும்போது வந்தது.

எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸாக மட்டும் அவர்கள் இருந்திருந்தால் நமக்கெல்லாம் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சபைக்குப் பிடி அரிசி சேர்க்கும் பொறுப்பும் அவர்களிடம்தான் இருந்தது. யார் வீட்டில் நுழைந்தாலும் நேரே அடுப்படிக்குப் போய்ப் பிடி அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பார்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பது நம் எல்லாருக்கும் உள்ள வழக்கம். அது ஆண்டவருக்கும் நமக்கும் இடையில் உள்ளது என்று நாம் நினைத்திருந்தோம். நான் கல்யாணமாகிப் பாலக்காட்டிலிருந்து சித்திரபுரம் வந்த புதிதில், பானையின் அடியைத் தட்டிக் காட்டி, "காலேஜுல படிச்சா கை சின்னதாப் போயிருமோ?" என்று கேட்டார்கள். அன்று முழுவதும் நான் அவர்களோடு பேசவில்லை. அதை அவர்கள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பிறகு என் வீட்டுக்காரர் மின்சார வேலையில் பயிற்சிக்காகப் போர்ட்டோ ரிக்கோ என்ற தீவுக்குப் போனார். சுகாதாரப் பயிற்சிக்கென்று அக்காவையும் அதே தீவுக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தையோடு நான் தனியாக வருவதைவிட ஒரு நர்ஸோடு வருவது நல்லது என்று அவர் எழுதினார். அந்த நர்ஸ் யாரென்று தெரிந்தேதான் எழுதினார்.

அமெரிக்காவில் மயாமி என்ற ஊரில் விமானம் மாற வேண்டும். குழந்தை சாமுவுக்கு முந்தின நாளிலிருந்தே வயிற்றுப்போக்கு. நான் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சொன்ன நேரத்துக்கு டின் பாலைக் கரைத்துக் கொடுப்பதும் அவன் கக்குவதுமாக இருந்தது. அங்கே பெரிய உணவகத்து வாசலில் நின்றவர் எங்கள் சேலையையும் முகத்தையும் பார்த்துவிட்டு இடமில்லை என்றார். உள்ளே பாதி மேசைகள் காலி. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அக்காவோ, "வாட்டி, சோத்து வாசனை அங்கனயிருந்துல்லா வருது" என்று கடைசியில் இருந்த சின்னக் கடைக்கு நடந்துவிட்டார்கள்.

அது க்யூபாக்காரர்கள் நடத்திய கடை. சமைத்தது வயதான ஓர் அம்மாள். வெள்ளைச் சோறு, அதன்மேல் கறுப்புப் பயற்றுக் குழம்பு, நார்நாராகப் பிய்த்த மாட்டிறைச்சி, ஓரத்தில் பொரித்த வாழைப்பழத் துண்டுகள். "பாலக்காட்டுக்காரியத் தேடி நேந்திரம்பழம் இங்கயே வந்துட்டு பாரு" என்றார்கள் அக்கா. எனக்குப் பசியில் உயிர் போனது. ஆனால் சாப்பிட விடவில்லை. சோறு இருக்கிறது, பிடி எடுக்கவில்லையே.

அந்த அம்மாளைக் கூப்பிட்டு, வேகாத அரிசி வேண்டுமென்று விரலால் பருக்கையைத் தேய்த்துக் காட்டினார்கள். அந்த அம்மாளுக்கு இங்கிலீஷும் தெரியாது. சோறு வேகவில்லை என்று குறை சொல்வதாக நினைத்து, முகம் சிவந்து, இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு போய்க் குழைய வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தார். அக்கா மறுபடி விரலைத் தேய்த்தார்கள். தட்டுகள் மறுபடி போகப் பார்த்தன. நான் என் தட்டைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அக்காவே சமையலறைக்குள் நுழைந்து, மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து, கண்ணை மூடி ஜெபித்தார்கள். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, சிலுவை போட்டுக்கொண்டார். இந்த ஒரு பிடியால் விமானத்தை விடப்போகிறோம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சாமு மறுபடி கக்கினான். இந்த முறை அழவில்லை. தலை என் தோளில் துவண்டு விழுந்தது. அக்கா அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார்கள். கிள்ளிய தோல் அப்படியே நின்றது; உடம்பில் நீர் வற்றியிருந்தது.

"கடைசியா எப்பட்டி மூத்திரம் போனான்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்ன நேரத்துக்குப் பால் என்று தெரியும்; இது தெரியவில்லை.

"புஸ்தகத்த மூடு" என்றார்கள்.

கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டு அடுப்புக்குப் போனார்கள். அந்த அம்மாள் அரிசியைக் குழைய வேகவிட்டுத் துணியில் வடித்துக் கொடுக்க, உப்புப் போட்டு ஆற்றிக் கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர் புகட்டினார்கள். எங்கள் விமானத்துக்கு அழைப்பு வந்தது. நான் எழுந்தேன். "போனாப் போவட்டும், உக்காரு" என்றார்கள். எழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். விமானம் போய்விட்டது. தீவில் என் வீட்டுக்காரர் காத்திருப்பார் என்பதைக்கூட நான் நினைக்கவில்லை.

இருட்டின பிறகு, சாமு படுத்திருந்த அக்காவின் மடியில் வெள்ளைச் சேலை நனைந்தது. அவர்கள் சேலையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "ஸ்தோத்திரம்" என்றார்கள். நான் அந்த ஈரச் சேலையில் முகத்தை வைத்து அழுதேன்.

"சபைக்கு எடுத்த அரிசி ஆச்சே அக்கா" என்றேன் பிறகு.

"சபைக்குத்தாம்ட்டி போயிருக்கு."

ஆனாலும் கிளம்புமுன் மூட்டையில் இன்னொரு பிடி அள்ளாமல் வரவில்லை. அது தீவுக்குப் போய், பெட்டியிலேயே கிடந்து, திரும்பிக் கப்பலேறி, நம் ஆலயத்து மூட்டையில் வண்டோடு சேர்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள், சிரித்தீர்கள்.

சாமு இப்போது மாமரத்தில் ஏறுகிற பையன். சின்னவளுக்கு உடம்பு சரியில்லாதபோது நான் புத்தகத்தைத் தேடுமுன் அவள் துணி நனைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், இந்தப் பானையும். வேறு யாருக்காகவும் நான் இவ்வளவு ஒழுங்காக அரிசி போட்டிருக்க மாட்டேன்; அவர்கள் திறந்து பார்ப்பார்களே என்றுதான் போட்டேன். இன்றைக்கும் போட்டேன். வாய்வரை நிறைந்து சிந்துகிறது. திறந்து பார்க்க ஆளில்லை.

அக்கா வீடு வீடாகக் கொண்டுவரும் அந்தச் சாக்குப் பை யாரிடம் இருக்கிறது? இனி யார் வருகிறீர்கள்? ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லையென்றால் பையை எனக்கு அனுப்புங்கள், நான் வருகிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.