பறவைக்குக் காட்டிய சாம்பிராணி

சிங்கப்பூரின் பிடோக்கில் எங்கள் எதிர்வீட்டுச் சீன ஆன்டி, டெக்கா மார்க்கெட்டில் முப்பது வருஷம் காய்கறி விற்றவர். அங்கே பழகிய தமிழில்தான் என்னிடம் பேசுவார். இதய அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனைக்குப் போன வெள்ளிக்கிழமை, தன் பறவைக் கூண்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். உள்ளே மாத்தா புத்தே என்கிற பாட்டுக் குருவி ஒன்று. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்; என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

"தங்கச்சி, பழம் போடு, தண்ணி மாத்து, போதும் லா. சாயங்காலம் போன் பண்றேன். அது பாடுறதக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவருக்கு வேறு யாரும் இல்லை. எனக்கோ பிறவியிலேயே பயம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வருகிற ஆள் நான். அன்று சாயங்காலம் பறவை நன்றாகவே பாடியது. குக்கரில் பருப்பு வெந்து விசில் அடித்த சத்தத்தையும் மீறிப் பாடியது. ஆன்டி போனில் கேட்டுச் சிரித்தார். ஆசையாக இருந்ததால் நானும் கணவரின் போனில் அதைப் பதிவு செய்துகொண்டேன்.

அப்போது புதன்கிழமைதோறும் சமூக மன்றத்தில் பழைய சீனத் தத்துவ வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மலை, மீன், மனிதன் எல்லாமே ஒரே மூச்சு திரண்டு எடுத்த வடிவங்கள், கலைந்தால் மறுபடி அதே மூச்சு என்று அந்தக் காலத்து ஞானிகள் நினைத்தார்களாம். எனக்கு மெய் சிலிர்த்தது. பறவை வந்த அன்று இரவு அது நினைவுக்கு வந்து, "நாம ரெண்டு பேரும் சொந்தம்" என்று கூண்டருகில் நின்று சொன்னேன்.

"அப்ப நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை இதுக்குத்தான் வைக்கணும்" என்றார் கணவர்.

சனிக்கிழமை ஜெபத்துக்கு முன் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டு வழக்கம். சிராங்கூன் சாலையில் வாங்கிய நல்ல சாம்பிராணி. மாதா படம், கட்டில், மகளின் புத்தகப்பை என்று காட்டிக்கொண்டே வந்தவள், சொந்தமாயிற்றே, விடலாமா என்று கூண்டைச் சுற்றியும் மூன்று முறை காட்டினேன்.

பறவை கம்பியிலிருந்து விழுந்தது. அலகு திறந்தபடியே இருந்தது. கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளி நடைபாதைக்கு ஓடினேன். ஓடின வேகத்தில் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து, என் புடவையெல்லாம் நனைந்தது. பறவைக் கடைக்குப் போன் செய்தபோது, சின்னப் பறவைக்குப் புகை விஷம், பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றார்கள்.

பிழைத்தது. ஆனால் பாடவில்லை. இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் ஆன்டியின் போன் வந்தது. என்ன சொல்வது? செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. முந்தின நாள் பதிவை ஓடவிட்டு என் போனருகில் பிடித்தேன். ஞாயிறும் அதையே செய்தேன். திங்களும் அதையே. ஒவ்வொரு முறையும் அவர் "தேங்க்யூ தங்கச்சி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

புதன்கிழமை வகுப்பில், ஒவ்வொரு உயிருக்கும் அதனதன் இயல்பு உண்டு, நம் அளவுகோலால் காட்டும் அன்பே அதைக் கொன்றுவிடலாம் என்றார் ஆசிரியை. எல்லாருக்கும் சொன்னதுதான். நான் தலை நிமிரவில்லை.

அடுத்த வாரம் ஆன்டி மெலிந்துபோய்த் திரும்பி வந்தார். கூண்டைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

"உசுரோட இருக்கா!"

"ஏன் ஆன்டி அப்படிக் கேக்குறீங்க?"

"மூணு நாளும் பாட்டுல ஒரே எடத்துல உன் குக்கர் விசில் அடிச்சுச்சு. செத்துப்போச்சுன்னு நெனச்சேன். என் ஆபரேஷனுக்காக நீ மறைக்கிறேன்னு நான் கேக்கல லா."

அந்த நினைப்போடுதான் அறுவை மேசையில் படுத்திருக்கிறார். சாம்பிராணி போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் கூண்டை எடுத்துக்கொண்டு போனார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மூன்று நாள் அவர் கதவு திறக்கவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் என் போன் அடித்தது. ஆன்டிதான். எடுத்து "ஹலோ, ஹலோ" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பறவை பாடியது.