கம்பளி வாடையடித்த களிம்பு

ஐம்பதுகளின் நடுவில் இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். ஜனங்கள் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். முப்பது வயதில் அப்படிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் கசக்கும்?

ஒரு சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடிந்த நேரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் நாலாம் நம்பர் லயத்து அக்கா ஒருவர் டிஸ்பென்சரிக்கு வந்தார். மலையில் கொழுந்தெடுப்பவர். இருமலா, காய்ச்சலா என்று கேட்டேன். இரண்டும் இல்லையாம். மற்றவர்கள் போகும்வரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கண்ணாடி டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் மூடியில் தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட்டன் டவுன் கடையில வாங்குனேங்க ஐயா. இருக்கறதுலயே வெல கொறஞ்சது இதுதான். மூஞ்சிச் சுருக்கம் போயிருமாம். உள்ள என்னென்ன போட்டிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"மாப்பிள்ளை யாருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வாய்க்கொழுப்புக்கு அந்த வயதில் எனக்குக் குறைவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"பேர் வெட்டப் போறாங்க ஐயா" என்றார்.

முந்தின வாரம் ஒரு காலைப் பெரட்டில், ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும்போது, தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்திருந்த தொரை அறிவித்திருந்தாராம். ஐம்பது தாண்டிய பெண்களின் பெயர்களை வேலைப் பதிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். பேர் போனால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கும் லயக் காம்பராவும் போகும். அக்காவுக்குப் புருஷன் செத்து ஆறு வருஷம். ஒரே மகன் அட்டனில் புடவைக் கடையொன்றில் வேலை செய்து, அங்கேயே படுத்துக்கொள்பவன். அந்த ஒற்றைக் காம்பரா அவருடைய பேரில்தான் நின்றது. அவருக்கென்று இருந்ததும் அது ஒன்றுதான்.

பிறப்புப் பத்திரம் என்பதெல்லாம் அந்தத் தலைமுறைக்கு ஏது? முகத்தைப் பார்த்து வயது போடுவார்களாம். "பெரிய மண்சரிவு வந்தப்ப நான் பிள்ளைக் காம்பராவுல தொட்டில்ல கெடந்தேனாம்" என்றார். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அந்த மண்சரிவு எங்கள் பழைய பதிவேட்டில் இருந்தது. மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஐம்பத்துமூன்றுக்குக் குறையாது. பார்த்தால் அறுபது சொல்லலாம். முப்பத்தைந்து வருஷ மழையும் பனிக்குளிரும் அந்த முகத்தில் தங்கியிருந்தன.

"இதைப் பூசிப் பாக்க வேண்டியதுதானேக்கா?"

"ரெண்டு நாள் பூசினேங்க. கங்காணி கண்டுபிடிச்சிட்டாரு. கூடையில ரோசாப்பூ வாடை அடிக்குது, தேயில ஸ்டோருல கொழுந்தத் திருப்பிருவாங்கன்னு எல்லாருக்கும் முன்னாடி ஏசிப்புட்டாரு. நீங்க வாடையில்லாம ஒண்ணு செஞ்சு தரணும்."

கங்காணியைக் குற்றம் சொல்ல முடியாது. தேயிலை பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகிற பெண் மல்லிகைப்பூகூட வைக்கக் கூடாது. அக்கா அவசரத்தில் மறந்து, மலைக்குக் கிளம்பும்போது வாசனைக் களிம்பைப் பூசிக்கொண்டு போயிருக்கிறார்.

டப்பாவைத் திருப்பிப் படித்தேன். பத்து வயது குறையும், தோலுக்கே உணவு என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே இருப்பதை எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். தேன்மெழுகு, கிளிசரின், லனோலின், வாசனை. ஏதோ ஒரு வைட்டமின், அது எந்த வைட்டமின் என்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது. இவற்றில் தோலுக்கு உருப்படியாக எதையாவது செய்யக்கூடியவை கிளிசரினும் லனோலினும்தான். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைக்கும். லனோலின் அதைத் தப்பவிடாமல் மூடி வைக்கும். காய்ந்த தோல் கொஞ்சம் உப்பும், மெல்லிய கோடுகள் மறையும். ஆழமாக விழுந்த சுருக்கத்தை அந்தச் சீமாட்டியாலும் எடுக்க முடியாது. இரண்டும் என் அலமாரியிலேயே இருந்தன, தீக்காயத்துக்கும் பிள்ளைகளின் வெடிப்புக்கும் கலந்து கொடுப்பதற்காக.

"லனோலின்னா என்னங்க?"

"செம்மறி ஆட்டு மயிர்லருந்து எடுக்குற கொழுப்பு. மழைக்கு நீங்க தலையில போட்டுக்கிற கம்பளியிலயும் அதுதான் இருக்கு."

"அட கடவுளே! இத்தன வருஷமா தலையில போட்டத மூஞ்சியில போத்தியிருக்கணுமா?"

இந்த முறை இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் ஸ்பிரிட் அடுப்பில் எனாமல் தட்டை வைத்து லனோலினை உருக்கினேன். கிளிசரினும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் விட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கிண்டினேன். வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது. ரோஜா வாசம் இல்லாவிட்டாலும், நனைந்த கம்பளியின் வாடை லேசாக அடித்தது. மழைக்காலத்தில் மலை முழுக்க அந்த வாடைதானே, கங்காணியின் மூக்கு என்ன செய்யும்? எதற்கும் கொழுந்து நிறுத்த பிறகு பூசி, காலையில் கழுவிவிட்டுப் போங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். சொறி ஏதும் வருகிறதா என்று பார்க்க, முதல் வாரம் இடது புறங்கையில் மட்டும் போடச் சொன்னேன். எட்டாம் நாள் வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். இரண்டும் இரண்டு பேருடைய கைகள் போல இருந்தன. எனக்கு நிலைகொள்ளாத பெருமை.

அந்தப் பெருமை, வயது போடுகிற நாளில் தொரை என்னைக் கூப்பிட்டபோது போய்விட்டது. மருத்துவம் படித்தவன் நான்தானாம், முகத்தைப் பார்த்து வயது சொல்ல வேண்டியவனும் நான்தானாம். பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, கணக்கப்பிள்ளை புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். பல்லையும் பார் என்றார் தொரை. மாடு வாங்குகிற சந்தையா இது என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பெண்கள் தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் முடிந்தவரை இரண்டு மூன்று வருஷம் குறைத்தே சொன்னேன். அப்படியும் மூன்று பேரைக் காப்பாற்ற முடியவில்லை. தொரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூவரின் முகங்களும் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அக்கா வந்து நின்றார். முகம் பளபளத்தது. ஆனால் கண்ணோரச் சுருக்கங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. மூன்று வாரத்தில் பத்து வயது எங்கே குறையும்? நாற்பத்தைந்து என்று சொல்லி எழுதினேன். தொரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்தக் களிம்பில் உண்மையாக வேலை செய்த சரக்கு என் பேனாவில் இருந்த மைதான். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவரும் விடாமல் மாதாமாதம் வந்து ஒரு டப்பி களிம்பு வாங்கிப்போனார்.

ஏழு வருஷம் போனது. புத்தகத்தில் அக்காவுக்கு ஐம்பது ஆகுமுன்பே அந்தத் தொரை போய் இன்னொருவர் வந்திருந்தார். இவர் கொஞ்சம் இரக்கமுள்ளவர். ஐம்பத்தைந்து தாண்டியவர்களை வெட்டாமல் லயத்தடியிலேயே வாசல் கூட்டவும் பிள்ளைக் காம்பராவைப் பார்க்கவும் வைத்தார், காம்பராவும் அவர்களுக்கே. அக்காவுக்கு அப்போது முழங்கால் இரண்டும் போயிருந்தன. கூடையோடு மேட்டில் ஏற முடியாமல் பக்கவாட்டில் ஏறுவார். இறங்கும்போது செடியைப் பிடித்துக்கொள்வார். நான் கொடுத்த எண்ணெயும் மாத்திரையும் ஒன்றும் செய்யவில்லை.

"இனி மலை ஏற முடியாதுங்க ஐயா. வயச ஏத்தி எழுதிக் குடுங்க."

புத்தகத்தில் ஐம்பத்திரண்டு. உண்மையில் அறுபது. எழுதியது என் கை. இரண்டு இரவு புரண்டு படுத்துவிட்டு, வேலை போனால் போகட்டும் என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு தொரையின் ஆபீசுக்குப் போனேன். அன்றைக்கு நான் வயதைத் தவறாகப் போட்டுவிட்டேன், இவருக்கு அறுபது என்றேன்.

தொரை எழுந்து வந்து அக்காவின் முகத்தை நன்றாகப் பார்த்தார். நானும் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். ஏழு வருஷம் ஒரு நாள் தவறாமல் பூசிய முகம். கன்னம் வழுவழுவென்று இருந்தது. வெடிப்பும் இல்லை, கருமையும் இல்லை. வரிசையில் நின்ற நாளில் இருந்ததைவிட இப்போதுதான் அது நாற்பத்தைந்து மாதிரி இருந்தது.

"இவருக்கா அறுபது?" என்று தொரை சிரித்தார். முழங்காலைப் பாருங்கள் என்றேன். முழங்கால் வலி இருபது வயதிலும் வரும் என்று நான் எழுதிய பக்கத்தைத் தட்டிக் காட்டினார். உன் கையெழுத்துத்தானே என்றும் கேட்டார். இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து என் முதுகில் தட்டி அனுப்பினார்.

வெளியே பதினாலு படி. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் நின்று, மற்றக் கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் ஒரு வெட்கம்.

"நல்ல மருந்துதாங்க ஐயா" என்றார். "முட்டிக்கும் பூசியிருக்கணும்."

மறுநாள் காலைப் பெரட்டுக்கு, கூடையோடு முதலில் வந்து நின்றது அவர்தான்.