ஜெயபால் சார் கேட்ட கடைசி ஓவர்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குமரேசன் போன் செய்தான். எங்கள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜைக்காரன். "சார், ஜெயபால் சார் தவறிட்டாருங்க. தூக்கத்துலயே போயிட்டாரு" என்றான். நான் நம்பவில்லை. ஏப்ரல் முதல் தேதி ஒன்றில், எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்துவிட்டதாகச் சொல்லி என்னைப் பெட்டி கட்ட வைத்தவர் அவர். "யாரு சொல்லச் சொன்னாரு? அவரேதானே?" என்று கேட்டேன். குமரேசன் அழுதுவிட்டான். அப்போதுதான் போனைப் பார்த்தேன். காலை ஆறரைக்கு வர வேண்டிய ஆடியோ அன்று வந்திருக்கவில்லை.

அந்த ஆடியோவைப் பற்றி, அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஜெயபால் அவர்கள் அண்ணாமலை அடிவாரத்து வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்தில் பதிவறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. என் வீட்டிலிருந்து இரண்டாவது வீடு. தினமும் காலையில் எங்கள் வாட்ஸப் குழுவில் 'இன்றைய சந்தேகம்' என்று ஒரு நிமிடம் பேசி அனுப்புவார். கிரிக்கெட், சினிமா, வீட்டுச் சமாச்சாரம் எல்லாம் கலந்து வரும்.

"டாஸ் காசு இன்னும் தரையில உருண்டுட்டிருக்கு, அதுக்குள்ள ஒரு கேப்டன் சிரிக்கிறான். அவனுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? சந்தேகம்."

"ரெண்டு நிமிஷ ட்ரெய்லர்லயே எல்லா சண்டையையும் காட்டிட்டாங்க. அப்ப படத்துல மீதி ரெண்டரை மணி நேரம் என்னத்தைக் காட்டுவாங்க? சந்தேகம்."

"மத்த நாள்ல நம்ம தெரு ஓட்டல்ல இட்லி பெருசா இருக்கு. பௌர்ணமி வந்தா கம்மியாயிடுது. நிலாவுக்கும் இட்லிக்கும் என்னங்க கனெக்‌ஷன்? சந்தேகம்."

கேட்டுவிட்டுச் சிரிக்காமல் பல் விளக்கியவர்கள் எங்கள் குழுவில் கிடையாது. அவர் சந்தேகத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. என் சந்தேகம் அப்படிப்பட்டதல்ல. மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணுகிற ஆள் நான். பெற்ற பிள்ளை பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாலே, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தான் என்று கேட்டவன். இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததற்கும் அந்தப் புத்திதான் காரணம்.

எட்டு வருடத்துக்கு முன்பு நான் பெரிய டிவி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மதிய மேட்ச் என்றால் குமரேசனும் ஜெயபால் சாரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜைனக் குடும்பம் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிட மாட்டார். அதனால் டிபன் டப்பாவோடுதான் வருவார். ஒரு நாள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார், விக்கெட் விழுந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனார், சிக்ஸர். திரும்பி வந்து உட்கார்ந்தார், இன்னொரு விக்கெட். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்க ராசி சரியில்ல சார். நீங்க பாத்தா நம்ம ஆளு அவுட்டாயிடறான்" என்றேன்.

பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் மலையைச் சுத்தி நடந்துட்டு வந்துடறேன். நடந்தா உடம்புக்கும் நல்லதுங்க. நீங்க ஜெயிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ஜெயித்தோம். அதோடு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. மேட்ச் அன்று டாஸ் போட்டதும் ஜெயபால் சார் கிளம்பிவிட வேண்டும். மலை சுற்றப் பதினாலு கிலோமீட்டர். மேட்ச் முடியவும் அவர் வரவும் சரியாக இருக்கும். கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிற மனிதரை நாங்கள் இப்படித் துரத்தினோம். அதை வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வந்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "கடைசி ஓவர் என்னாச்சு? பால் பாலா சொல்லுங்க."

நான் எழுந்து நின்று நடித்தே காட்டுவேன். கண் இமைக்காமல் கேட்பார். முதல் பத்தொன்பது ஓவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது எனக்கு முதலில் உறைக்கவில்லை. ஆனால் சட்டை உறைத்தது. சித்திரை வெயிலில் பதினாலு கிலோமீட்டர் நடந்து வந்தவரின் சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது! அன்றைக்குப் பார்த்து நாங்கள் தோற்றும் போயிருந்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், உண்மையைச் சொல்லுங்க. எங்கயாவது உக்காந்து மேட்ச் பாத்தீங்களா?"

"கடைசி ஓவரைப் பாக்கல சார். சத்தியமா" என்றார்.

சத்தியம் வைத்துப் பொய் சொல்லத் தெரியாதவர். ஆனாலும் நான் விடவில்லை. அடுத்த மேட்ச் நடக்கும்போது அவர் வீட்டுக்குப் போன் செய்து, "சார் இருக்காருங்களா?" என்று துப்பறிந்தேன். "நடக்கப் போயிருக்காருங்களே" என்றார் அவர் மனைவி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: வருடத்துக்கு நாலைந்து தடவை இப்படிச் செய்திருக்கிறேன். ஜெயித்தால் என் ஏற்பாட்டால். தோற்றால் அவர் எங்கேயோ திருட்டுத்தனமாகப் பார்த்ததால். எட்டு வருடம் இதுவே என் கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஒரு பெண் தலையிலடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சொந்தக்காரர் இல்லை, அலுவலகத்து ஆளும் இல்லை. அங்கே, அந்த நேரத்திலும், என் புத்தி எங்கே போனது என்று எழுதக் கை கூசுகிறது. இஸ்திரி கலையாத சட்டையும் இந்த அம்மாவும் ஒரு கணத்தில் ஒன்று சேர்ந்துவிட்டன. "நீங்க யாரும்மா?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அதற்குள் உள்ளேயிருந்து ஜெயபால் சாரின் மனைவி எட்டிப் பார்த்து, "டீக்கடை பவுனம்மாதானே? உள்ள வாம்மா. அவரு உன் கடையைப் பத்திப் பேசாத நாளில்ல" என்றார். எனக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு பவுனம்மாவிடம் பேசினேன். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் அவருக்கு டீக்கடை. கடையில் ஒரு சின்ன டிவி. "மேட்சுன்னா சாரு எங்க கடைக்குத்தாங்க வருவாரு. ஆட்டோல வந்து எறங்குவாரு. ஓரத்துல ஒரு சேரு, அது அவருது. பொழுது சாயறதுக்குள்ள டப்பாவைத் தொறந்து சாப்பிட்டுருவாரு. வீட்டுல பாக்கக் கூடாதான்னு கேட்டேங்க. 'எங்க தெருக்காரரு ஒருத்தருக்கு ஜெயிக்கணும்னு ஆசை, எனக்குப் பாக்கணும்னு ஆசை. என் டிவி சத்தம் கேட்டா அவரு மனசு ஒடைஞ்சிடுவாரும்மா'ன்னாரு."

ஆக, என் சந்தேகம் சரிதான். எட்டு வருடமும் பார்த்திருக்கிறார். நாங்கள் ஜெயித்த மேட்ச்களையும் பார்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. "எல்லாத்தையும் பாத்துட்டாரா மனுஷன்!" என்றேன்.

"எங்கங்க எல்லாத்தையும் பாத்தாரு? கடைசி ஓவர் வந்தா சேரைத் திருப்பிப் போட்டுக்குவாரு. டிவிக்கு முதுகைக் காட்டிட்டு மலையைப் பாத்து உக்காந்துருவாரு. காதையும் பொத்திக்குவாரு. ஓவர் முடிஞ்சா, 'எனக்கு எதுவும் சொல்லிடாதம்மா, அங்க போய்க் கேட்டுக்கறேன்'னு ஆட்டோ ஏறிடுவாரு. ஏன் சார்னு கேட்டா, 'அவரு சொல்றது ஒருவேளை நெசமா இருந்துட்டா? எதுக்கும்மா வம்பு, எனக்கே சந்தேகமாயிருக்கு'ன்னுவாரு."

டாஸ் காசையும் ட்ரெய்லரையும் இட்லியையும் சந்தேகப்பட்டுச் சிரித்த மனிதரை, தன்னையே சந்தேகப்பட வைத்தவன் நான். எட்டு வருடத்துக் கடைசி ஓவர்களை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டவன் நான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லித் தீர்ப்பது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மதிய மேட்ச். குமரேசன் வீட்டுக்கு வந்தான். டிவியை அணைத்துவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். பவுனம்மா ஓரத்துச் சேரைக் கொண்டு வந்து டிவிக்கு நேராகப் போட்டார். அதில் யாரும் உட்காரவில்லை. கடைசி ஓவரில் நமக்குப் பதினோரு ரன் வேண்டியிருந்தது. எனக்குக் கழுத்து தானாக மலைப் பக்கம் திரும்பியது. டிவி பக்கம் திருப்பிக்கொண்டு பார்த்தேன்.

கேளுங்க சார், பால் பாலா சொல்றேன்.

மொத பால் சிங்கிள். ரெண்டாவது ஃபோர், பவுனம்மா கடையில விசில் பறந்துச்சு. மூணாவது பேட்டுல படவே இல்ல. நாலாவதுல ரெண்டு ரன், நம்ம ஆளு உழுந்து எழுந்து ஓடினான். அஞ்சாவது நேரா ஃபீல்டர் கைக்கு, ஓட முடியல. கடைசி பாலுக்கு நாலு வேணும். தூக்கி அடிச்சான் சார். எல்லாரும் எழுந்து நின்னுட்டோம். பவுண்டரி ஓரத்துல புடிச்சுட்டான்.

தோத்துட்டோம் சார். நீங்க எங்கயும் உக்காந்து பாக்கல. ஆனாலும் தோத்துட்டோம்.